ஆட்டுக்கால் எலும்புச் சாறு: மின்சார பிரஷர் குக்கரில், விசில் எண்ணாமல்

இரவு ஃபிரிட்ஜில் வைத்த பாத்திரத்தைக் காலையில் எடுத்துச் சற்றே சாய்த்துப் பாருங்கள். உள்ளே இருப்பது சலசலவென்று ஒரு பக்கமாக ஓடினால், அது எலும்பு வேகவைத்த தண்ணீர். சாய்த்த பக்கம் போகாமல், கரண்டியால் தொட்டதும் இளநுங்குபோல அதிர்ந்து நின்றால், அதுதான் எலும்புச் சாறு. இந்தப் பதிவு முழுவதும் அந்த அதிர்வைப் பெறுவதற்கான வழிதான்.

என் அப்பாவுக்குப் பல் சிகிச்சை நடந்த மூன்று மாதங்கள் அவரால் எதையும் மென்று சாப்பிட முடியவில்லை. கஞ்சியும் குழைந்த சோறும் அலுத்துப்போய்த் தட்டைத் தள்ளத் தொடங்கிவிட்டார். வாரம் இரண்டு முறை ஆட்டுக்கால் சாறு வைத்துக் கொடுத்தேன். அதை மட்டும் டம்ளரைக் கவிழ்த்துக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டார். அந்த மூன்று மாதங்களில் ஏறக்குறைய இருபத்தைந்து முறை வைத்திருப்பேன். சொதப்பியதும் உண்டு, சரியாக வந்ததும் உண்டு. இரண்டுக்கும் காரணம் என்ன என்பது இப்போது தெரிகிறது. முதல் முறை செய்கிறவர்களுக்காக அதை அப்படியே எழுதுகிறேன்.

எத்தனை விசில்?

மின்சாரக் குக்கர் வாங்கியவர்கள் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இது. இந்தக் குக்கருக்கு விசிலே கிடையாது. அடுப்புக் குக்கரில் விசில் என்பது உள்ளே அழுத்தம் அளவை மீறும்போது வெளியே தள்ளப்படும் நீராவி. ஆட்டுக்கால் வேகும் நாளில் நான்கு வீடு தள்ளி வரை மணக்கும் என்பார்கள். அந்த மணம் சாற்றில் இருந்திருக்க வேண்டியது. மின்சாரக் குக்கரில் அழுத்தம் ஏறியதும் ஒரு சிறிய உலோக ஊசி மேலே வந்து வழியை அடைத்துவிடும். அதற்குப் பிறகு அழுத்தத்தைக் கருவியே பார்த்துக்கொள்ளும். நீராவி ஏறக்குறைய வெளியே போகாது, தண்ணீரும் குறையாது, மணமும் உள்ளேயே தங்கும். ஆகவே விசிலை மறந்துவிடுங்கள். இங்கே எண்ண வேண்டியது நிமிடங்களை.

அழுத்தம் எதற்கு? திறந்த பாத்திரத்தில் எவ்வளவு தீ வைத்தாலும் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகாது. அடைத்து அழுத்தம் ஏற்றினால்தான் அதைத் தாண்டும். அடுப்புக் குக்கர் 120 டிகிரியை ஒட்டிப் போகும். வீட்டு மின்சாரக் குக்கர்கள் பெரும்பாலும் 115 முதல் 118 டிகிரி வரை. அதனால் அடுப்புக் குக்கருக்குச் சொன்ன நேரத்தை அப்படியே வைத்தால் சற்றுக் குறைவாகத்தான் வேகும். கொஞ்சம் கூட்டித்தான் வைக்க வேண்டும்.

ஆட்டுக்காலில் கறி என்று சொல்ல ஒன்றும் இல்லை. தோல், நரம்புபோல் இழுபடும் தசைநாண், மூட்டின் குருத்தெலும்பு, எலும்பு, அவ்வளவுதான். இவை எல்லாவற்றிலும் நிறைந்திருப்பது கொலாஜன் என்ற புரதம். மூன்று இழைகளைச் சேர்த்து முறுக்கிய கயிறுபோன்றது அது. வெந்நீரில் நெடுநேரம் கிடந்தால் கயிற்றின் புரி அவிழ்ந்து ஜெலட்டினாகச் சாற்றில் கலக்கும். ஆறும்போது அந்த இழைகள் மறுபடி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நடுவில் தண்ணீரைச் சிறைப்பிடிக்கும். காலையில் நாம் பார்க்கும் நுங்கு அதுதான். விறகடுப்புத் தணலில் இரவெல்லாம் கிடந்து நடந்த வேலையை அழுத்தம் இரண்டு மணி நேரத்தில் முடித்துக் கொடுக்கிறது.

ஒரு செய்தி சொல்ல வேண்டும். பிரஷர் குக்கர் என்ற பொருள் உலகத்தில் தோன்றியதே எலும்புக்காகத்தான். பிரான்ஸில் பிறந்த தெனி பாப்பேன் என்ற அறிஞர் 1679-இல் லண்டனில் இதை உருவாக்கினார். எலும்பை மென்மையாக்கும் கருவி என்றே அதைச் சொன்னார். அழுத்தம் மிகுந்தால் தானாகத் திறந்துகொள்ளும் பாதுகாப்பு வால்வும் அவர் கண்டுபிடித்ததே. 1682-இல் அவர் அந்தப் பாத்திரத்தில் சமைத்து வைத்த விருந்தில் மாட்டெலும்பும் ஆட்டெலும்பும் பாலாடைக்கட்டிபோல மென்மையாக இருந்ததாக விருந்தினர் ஜான் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். பருப்புக்கும் சாதத்துக்கும் குக்கரைப் பழக்கியது பிற்காலத்தில் வந்தது.

கறிக்கடையில்

ஆறு லிட்டர் குக்கருக்கான அளவைச் சொல்கிறேன்: ஆட்டுக்கால் ஒரு செட், அதாவது நான்கு கால்கள். கூடவே அரைக் கிலோ நெஞ்செலும்பு. கால் பிசுபிசுப்பைக் கொடுக்கும், நெஞ்செலும்பு கறிச்சுவையைக் கொடுக்கும். காலை மட்டும் போட்டால் சாறு நன்றாக உறையும், ஆனால் நாக்கில் வெறுமையாக இருக்கும். நெஞ்செலும்பு மட்டும் போட்டால் சுவை இருக்கும், உறையாது. இரண்டும் சேர வேண்டும்.

காலை வாட்டித் தரச் சொல்லுங்கள். தீயில் காட்டி ரோமத்தைப் பொசுக்கிச் சுரண்டி, குளம்பைக் கழற்றிக் கொடுப்பார்கள். பக்குவமாக வாட்டிய கால் மேலே பொன்னிறமாக, அங்கங்கே கறுப்புத் தீற்றலோடு இருக்கும். ரோமம் நிற்கிறதா என்று குளம்புக்கு நடுவில் உள்ள இடுக்கைப் பிரித்துப் பாருங்கள். கடைக்காரர் அவசரத்தில் விட்டுவிடும் இடம் அது. வெட்டும்போது ஒவ்வொரு காலும் மூன்று அல்லது நான்கு துண்டாக இருந்தால் போதும். பொடிப்பொடியாக வெட்டினால் எலும்புச் சில்லுகள் தெறித்துச் சாற்றில் கலந்துவிடும். ஒருமுறை கூட்டமான ஞாயிற்றுக்கிழமையில் கவனிக்காமல் பொடியாக வெட்டி வாங்கி வந்துவிட்டேன். இரண்டு முறை வடிகட்டியும் அப்பாவின் டம்ளர் அடியில் அரிசி அளவு சில்லு ஒன்று கிடந்தது. பல் இல்லாத ஈறில் அது குத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன். அதன் பிறகு பெரிய துண்டுதான்.

வெள்ளிக்கிழமையோ வார நாளிலோ போனால் கடைக்காரருக்கு நேரம் இருக்கும், காலைச் சுத்தமாகவும் செய்து கொடுப்பார்.

கழுவுவது, பிறகு முதல் கொதி

பலரும் தவிர்க்கும் இந்த வேலையில்தான் சாற்றின் வாசனை தீர்மானமாகிறது. எனக்கு ஆட்டுக்கால் சாறே பிடிக்காது, கவிச்சி அடிக்கிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சரியாகக் கழுவாத காலில் வைத்த சாற்றைக் குடித்தவர்கள்.

கால் துண்டுகளின் மேல் கல்லுப்பும் ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூளும் தூவி, கையால் அழுத்தித் தேயுங்கள். கறுப்பாக இருக்கும் இடங்களைக் கத்தியின் மழுங்கிய பக்கத்தால் சுரண்டுங்கள். அரிசி கழுவிய தண்ணீர் இருந்தால் அதில் பத்து நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசுங்கள். கடைசித் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும்.

இப்போது எல்லா எலும்பையும் ஒரு சாதாரண பாத்திரத்தில் போட்டு, மூழ்கும் அளவுக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வையுங்கள். குக்கரில் இல்லை, அடுப்பில். கொதி வரும்போது சாம்பல் நிற நுரை திரண்டு மேலே வரும். அது எலும்பிலும் கறியிலும் இருக்கும் இரத்தச் சாயமும் புரதமும் வெப்பத்தில் திரண்டது. பத்து நிமிடம் கொதித்ததும் தண்ணீர் முழுவதையும் கொட்டிவிடுங்கள். சத்து போய்விடுமே என்று தயங்க வேண்டாம். கொலாஜன் கரைய இந்தப் பத்து நிமிடம் போதாது, போவது அழுக்கும் கவிச்சியும்தான். பிறகு ஒவ்வொரு துண்டையும் குழாயின் கீழ் பிடித்துக் கழுவுங்கள். நெஞ்செலும்பின் மடிப்புகளில் கறுப்பாக உறைந்த இரத்தம் ஒட்டியிருக்கும். கட்டை விரலால் வழித்து எடுங்கள்.

இதைக் குக்கரிலேயே செய்தால் என்ன என்று கேட்கலாம். மூடியைப் போட்டுவிட்டால் நுரையை எடுக்க வழியில்லை. அது உடைந்து சாற்றோடு கலந்துவிடும். நீராவி வழியிலும் போய் ஒட்டும்.

குக்கருக்குள்

கழுவிய எலும்புகளைக் குக்கரின் உள்பாத்திரத்தில் அடுக்குங்கள். மேலே இவற்றைச் சேருங்கள்: தட்டிய இஞ்சி கட்டை விரல் அளவு ஒரு துண்டு, பூண்டு எட்டுப் பல், உரித்த சின்ன வெங்காயம் பத்து, மல்லி விதை ஒரு டீஸ்பூன், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன். தண்ணீர் இரண்டு லிட்டர்.

உப்பு இப்போது வேண்டாம். இந்தச் சாறு ஒரு நாள் சூப்பாகும், ஒரு நாள் ரசத்துக்குப் போகும், ஒரு நாள் வற்றவைத்துக் குழம்பில் சேர்ப்பீர்கள். முதலிலேயே உப்புப் போட்டால் வற்றும்போது கரித்துவிடும். குடிக்கும் நேரத்தில் போடுவதே கட்டுப்பாடு. வீட்டில் இரத்தக் கொதிப்புக்காரர் இருந்தால் அவருக்குத் தனியாகக் குறைத்தும் கொடுக்கலாம்.

மிளகும் சீரகமும் இப்போது வேண்டாம். மிளகின் மணம் எளிதில் போய்விடும் எண்ணெயில் இருக்கிறது. இரண்டு மணி நேரம் அழுத்தத்தில் கிடந்தால் மணம் போய்க் காரம் மட்டும் தொண்டையில் கரகரக்கும். மல்லி விதையைப் போட்டுவிட்டு மிளகைக் கடைசிவரை காக்க வைப்பதுதான் என் வழக்கம்.

வினிகர் ஊற்றினால் எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும் என்று பல சமையல் குறிப்புகளில் பார்த்திருப்பீர்கள். நான் ஊற்றுவதில்லை. ஊற்றினாலும் சாற்றில் இறங்கும் கால்சியம் மிகக் குறைவு, ஒரு டம்ளர் பாலுக்கு ஈடாகாது. ஊற்றினால் புளிப்புத்தான் மிச்சம்.

தண்ணீர் அளவில் ஒரு விதி உண்டு, அதை மீறவே கூடாது. எலும்பு, தண்ணீர் எல்லாம் சேர்ந்து உள்பாத்திரத்தின் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. பாத்திரத்தின் உள் சுவரில் இதற்கென ஒரு கோடு போட்டிருப்பார்கள். ஆறு லிட்டர் குக்கரில் நான்கு லிட்டர் வரை. நான் சொன்ன அளவு அதற்குள் அடங்கும். மூன்று லிட்டர் குக்கர் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள்.

மூடுவதற்கு முன்

மூடியைத் திருப்பிப் பாருங்கள். உட்பக்கம் இருக்கும் ரப்பர் வளையம் சுற்றிலும் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். நீராவி வால்வின் உட்புறம் சிறிய கம்பி மூடி ஒன்று இருக்கும். அதில் முந்தைய சமையலின் பருப்புத் துகளோ மல்லித் தோலோ அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். உலோக ஊசியை விரலால் தட்டினால் தடையில்லாமல் ஏறி இறங்க வேண்டும். மொத்தம் அரை நிமிட வேலை. எத்தனை முறை செய்து பழகியிருந்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

மூடியைப் பூட்டி, வால்வை மூடிய நிலைக்குத் திருப்புங்கள். உயர் அழுத்தம், 120 நிமிடம். சில குக்கர்களில் 60 நிமிடத்துக்கு மேல் நேரம் வைக்க முடியாது. அப்படியானால் முடிந்ததும் திறக்காமல் மறுபடி 60 நிமிடம் வையுங்கள். சூப், மட்டன் என்று தனிப் பொத்தான்கள் இருந்தாலும் அவற்றில் நிறுவனம் வைத்திருக்கும் நேரம் கறிக்கானது, எலும்புக்குப் போதாது. நேரத்தை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.

பொத்தானை அழுத்தியதும் எண் ஓடத் தொடங்காது. பலர் இங்கேதான் கருவி கெட்டுவிட்டதோ என்று பயப்படுகிறார்கள். இவ்வளவு தண்ணீரும் எலும்பும் சூடாகி அழுத்தம் ஏற ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். வால்விலிருந்து மெல்ல நீராவி கசியும், பிறகு ஊசி டக்கென்று மேலே ஏறும், கசிவு நிற்கும். அதற்குப் பிறகுதான் 120 என்ற எண் இறங்கத் தொடங்கும். ஆக, அழுத்தம் ஏற அரை மணி, வேக இரண்டு மணி, அடங்க முக்கால் மணி. மாலை ஏழு மணிக்குக் குடிக்க வேண்டும் என்றால் மூன்றரை மணிக்குள் பொத்தானை அழுத்தியாக வேண்டும்.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களில் இருப்பவர்கள் நேரத்தைக் கூட்டுங்கள். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். குக்கருக்குள்ளும் அந்தக் குறைவு தெரியும். அரை மணி நேரம் சேர்த்து 150 நிமிடம் வைத்தால் சரியாக இருக்கும்.

ஆட்டுக்காலைச் சாறாக மட்டும் குடிக்காமல் கையில் எடுத்து உறிஞ்சிச் சாப்பிட ஆசைப்படுபவர்கள் முதலில் 60 நிமிடம் வைத்து, அழுத்தம் அடங்கியதும் கால்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தோல் உருக்குலையாமல், இழுத்தால் வரும் பதத்தில் இருக்கும். இடியாப்பத்துக்குப் பாயா வைக்க அந்தப் பதம்தான் வேண்டும். மீதி எலும்புகளை மறுபடி மூடி இன்னொரு மணி நேரம் விடலாம். 120 நிமிடம் முழுக்க விட்ட கால் கையில் எடுத்தாலே உதிர்ந்துவிடும்.

ஊசி இறங்கும் வரை

நேரம் முடிந்து மணி அடித்ததும் வால்வைத் திருப்பி நீராவியை விடத் தோன்றும். விடாதீர்கள். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

அழுத்தம் இருக்கும்வரை உள்ளே இருக்கும் சாறு 115 டிகிரியிலும் கொதிக்காமல் அசைவின்றி நிற்கிறது. வால்வைத் திருப்பிய நொடியில் அழுத்தம் சரிகிறது. அந்தச் சூட்டுக்கு இனி அது கொதித்தே ஆக வேண்டும், மொத்தச் சாறும் ஒரே நேரத்தில் பொங்கி எழுகிறது. மேலே தெளிவாக மிதந்த கொழுப்பு நுண்ணிய துளிகளாக உடைந்து சாற்றோடு கலக்கிறது. தெளிந்த சாறு இப்படித்தான் கலங்கிப் பால்போல ஆகிறது. பிறகு எவ்வளவு நேரம் வைத்தாலும் முழுதாகத் தெளியாது. எலும்பின் தூளும் எழும்பி வரும்.

நான் முதல் முறை செய்தபோது அப்பா பசியோடு காத்திருந்தார். அவசரத்தில் வால்வைத் திருப்பிவிட்டேன். நீராவியோடு கொழுப்புக் கலந்த சாறும் பீறிட்டு, மேலே இருந்த அலமாரிக் கதவிலும் சுவரிலும் அடித்தது. கை அந்தப் பக்கம் இருந்திருந்தால் வெந்துபோயிருக்கும். அன்றைய சாறு சுவையில் குறைவில்லை, ஆனால் குடித்து முடித்ததும் உதட்டில் மெழுகு தடவியதுபோல ஒட்டியது. அப்பா பாதி டம்ளரை வைத்துவிட்டார்.

அதனால் சூடாக வைத்திருக்கும் பொத்தானை அணைத்துவிட்டு, சுவிட்சை நிறுத்திவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். ஊசி தானாக இறங்கும். நாற்பது நிமிடம், சில நாள் ஐம்பது. இறங்கிய பிறகும் மூடியை உங்கள் முகத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறங்கள். நடுவில் மின்சாரம் நின்றாலும் இதே விதிதான்: ஊசி மேலே இருக்கும்வரை மூடியில் கை வைக்கக் கூடாது.

திறந்ததும் அவசரப்பட்டுக் கரண்டியை விட்டுக் கலக்காதீர்கள். ஒரு கணம் பாருங்கள். மேலே மஞ்சள் கலந்த கொழுப்பு வட்டம் வட்டமாக மிதக்கும், அதன் கீழே தேநீர் நிறத்தில் அடிவரை தெரியும் சாறு. சின்ன வெங்காயம் உருவம் இருந்தும் தொட்டால் கரையும். அந்தக் காட்சிக்காகவே காத்திருக்கலாம்.

வடிப்பதும் ஆற வைப்பதும்

பெரிய எலும்புகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, எஃகு வடிகட்டியின் மேல் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியை விரித்து ஊற்றுங்கள். துணியைப் பிழியாதீர்கள், பிழிந்தால் வண்டல் இறங்கும். கடைசி அரை டம்ளர் கலங்கலைத் தனியாக எடுத்துக் குழம்பில் ஊற்றிக்கொள்ளலாம். ஒன்றே முக்கால் லிட்டர் அளவுக்குச் சாறு கிடைக்கும்.

இனி வருவது ருசி பற்றியது இல்லை, உடம்பு பற்றியது. எலும்புச் சாற்றை அடுப்பு மேடையிலேயே இரவு முழுக்க வைத்துவிட்டு, காலையில் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். அப்படி ஆகாது. வெப்பத்தைத் தாங்கும் வித்துகளாக உயிர் பிழைக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. புரதம் நிறைந்த சாறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் அவை பெருகும். சில வகைப் பாக்டீரியா விடும் நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. நம் ஊர் வெக்கையில் ஆழமான பாத்திரத்துச் சாறு தானாக ஆற நாலைந்து மணி நேரம்கூட எடுக்கும். ஆகவே நாமே ஆற வைக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள்.

வழி சுலபம். சாற்றை அகலமான எஃகுப் பாத்திரங்கள் இரண்டில் பிரித்து ஊற்றுங்கள். கழுவும் தொட்டியை அடைத்து, குளிர்ந்த தண்ணீரும் இரண்டு தட்டு ஐஸ் கட்டியும் போட்டு, அதில் பாத்திரங்களை நிறுத்துங்கள். அவ்வப்போது கிளறிவிட்டால் அரை மணி நேரத்தில் கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே வந்துவிடும். பிறகு மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். கொதிக்கக் கொதிக்கக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றுவது ஆபத்து, விரிசல் விடும்.

ஃபிரிட்ஜில் மூன்று நாள், அதிகம் போனால் நான்கு நாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் முதல் நாளே ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். ஒரு வேளைக்கான அளவாக, கால் லிட்டர் டப்பாக்களில், மேலே ஒரு விரல் இடம் விட்டு ஊற்றுங்கள், உறையும்போது விரியும். மேலே தேதி எழுதி ஒட்டுங்கள். மூன்று மாதம் வரை சுவை மாறாமல் இருக்கும்.

காலையில்

கொழுப்பு மேலே வெள்ளைத் தகடாக உறைந்திருக்கும். ஆட்டுக் கொழுப்பு நம் வீட்டுச் சூட்டிலேயே கட்டியாகும் குணம் உடையது. அதை நீக்காமல் குடித்தால், சூடு குறையக் குறைய உதட்டில் படியும். கத்தி நுனியால் ஓரத்தை நெம்பினால் தகடாக வந்துவிடும். அதில் ஒரு டீஸ்பூன் மட்டும் தாளிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கீழே நுங்கு. உறையவில்லை என்றால் பதற வேண்டாம். தண்ணீர் அதிகம் ஊற்றியிருப்பீர்கள், அல்லது மூட்டும் தோலும் குறைந்திருக்கும். திறந்த பாத்திரத்தில் கொதிக்கவிட்டு முக்கால் பங்காக வற்றவைத்தால் பெரும்பாலும் சரியாகும். அப்படியும் உறையாத சாறு வீண் இல்லை, ரசத்துக்கு அருமையாக இருக்கும்.

ஒருவருக்கான சூப்புக்கு: மிளகு ஒரு டீஸ்பூன், சீரகம் அரை டீஸ்பூன், பூண்டு மூன்று பல், இவற்றை இடிகல்லில் ஒன்றிரண்டாகத் தட்டுங்கள். எடுத்து வைத்த கொழுப்பையோ நல்லெண்ணெயையோ சூடாக்கி, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஐந்து, ஒரு கொத்துக் கறிவேப்பிலை போட்டு வதக்குங்கள். வெங்காயத்தின் ஓரம் சிவக்கும்போது தட்டியதைப் போட்டு, பச்சை வாசம் போகும் அந்த இருபது நொடி மட்டும் புரட்டுங்கள். உடனே இரண்டு டம்ளர் சாறு. கரண்டியில் கட்டியாக விழுந்த சாறு சட்டியின் சூட்டில் பட்டதும் வழுக்கிக்கொண்டு கரையும். நன்றாகக் கொதி வந்ததும் உப்பு, கொத்தமல்லி, இறக்கிவிடுங்கள். தக்காளி சேர்ப்பவர்கள் பாதிப் பழத்துக்கு மேல் போக வேண்டாம், சாற்றின் சுவையை அது விழுங்கிவிடும். எலுமிச்சை பிழிவதென்றால் டம்ளரில் பிழியுங்கள்.

கோழியில் செய்வதென்றால் கால்களும் கழுத்தும் முதுகெலும்பும் ஒரு கிலோ, நேரம் 90 நிமிடம். கோழிக்கால் விலை குறைவு, உறைவதில் ஆட்டுக்காலுக்கு இளைத்ததில்லை. மேல்தோலையும் நகத்தையும் நீக்கச் சொல்லி வாங்குங்கள். நல்லி எலும்பு மட்டும் போட்டுச் சாறு வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. மஜ்ஜை பெரும்பாலும் கொழுப்பு. ருசி உண்டு, ஆனால் மேலே எண்ணெய் மிதக்கும், கீழே உறையாது.

யாருக்கு, எந்த அளவு

எலும்பு முறிந்தவர்களுக்கு ஆட்டுக்கால் சாறு கொடுப்பது நம் வீடுகளின் வழக்கம். பசி எடுக்காதவருக்கு, மெல்ல முடியாதவருக்கு இதைவிட இதமான உணவு எனக்குத் தெரியாது. ஆனால் மருந்தாக எண்ணி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நாம் குடிக்கும் கொலாஜன் நேராக முழங்காலுக்குப் போய்ச் சேர்வதில்லை. வயிற்றில் செரித்து, சிதைந்துதான் இரத்தத்தில் கலக்கிறது. ஜெலட்டினில் உடம்புக்கு அவசியமான டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் கிடையாது. அதனால் சாறு மட்டுமே புரதம் என்று இருக்கவும் கூடாது. பருப்பு, முட்டை, தயிர் என்று ஏதாவது கூட இருக்க வேண்டும். அப்பாவுக்குக் குழைந்த பருப்புச் சோற்றில் இந்தச் சாற்றை ஊற்றித்தான் கொடுத்தேன். யூரிக் அமிலம் கூடியவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கடைசியாக ரப்பர் வளையம். ஆட்டுக்கால் வாசனையை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் முழுதாகப் போகாது. மறுநாள் அதே வளையத்தில் சர்க்கரைப் பொங்கல் வைத்தால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். கூடுதலாக ஒரு வளையம் வாங்கி, இனிப்புக்கும் பால் சமையலுக்கும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சாறு வைத்த வளையத்தை மூடியிலிருந்து கழற்றி, சோப்பில் கழுவி, வெயில் படும் ஜன்னலோரம் ஒரு பகல் முழுக்கக் காயப்போடுங்கள்.